முன்சக்கரத் திருகு

மன்னிக்கிற குணம் எனக்கு வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் இதை எழுதவும் மாட்டேன்.

எங்கள் பட்டாசு கம்பெனி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கரிசலுக்கு நடுவில் இருந்தது. தார் ரோட்டிலிருந்து கேட் வரைக்கும் மண்பாதைதான். மழைக்காலத்துக்கென்று மாமனார் ஒரு பழைய ஜீப் வாங்கிப் போட்டிருந்தார். லீவரைப் போட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். என் வீட்டுக்காரர் ஆர்டர் பிடிக்க வடக்கே போகும் மாதங்களில் அதை நான்தான் ஓட்டினேன். அந்தச் சாவி என் இடுப்பில் இருந்தவரை அந்த வீட்டில் நானும் ஒரு ஆளாக இருந்தேன்.

அந்த வருடம் தீபாவளி முடிந்து கம்பெனி திறக்கிற அன்று நல்ல மழை. மாமனாரைக் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. லீவரைப் போட்டு முன்னே எடுத்தேன், பின்னே எடுத்தேன், மறுபடி முன்னே எடுத்தேன். பின்சக்கரங்கள் குழி தோண்டின. முன்சக்கரங்கள் அசையவே இல்லை.

கேட்டிலிருந்து டிராக்டரோடு வந்தார் என் கணவரின் அண்ணன். வேலைக்கு வந்த பெண்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி நிற்கிறார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னார்.

"பொம்பள கையில ஸ்டியரிங்கக் குடுத்தா, இழுக்கதுக்குக் கயிறயும் சேத்துல்லா குடுத்து விடணும்!"

பெண்கள் சிரித்தார்கள். மாமனார் சாவியை உருவி அவரிடம் கொடுத்தார்.

அடுத்த வாரம் வண்டி விருதுநகரில் சர்வீசுக்கு நின்றது. என் அம்மா வீடு அதற்கு அடுத்த தெரு. நேரே பட்டறைக்குப் போய், முன்சக்கரம் ஏன் இழுக்கவில்லை என்று கேட்டேன். மெக்கானிக் சக்கரத்தின் நடுவில், இஞ்சின் இழுப்பைச் சக்கரத்தோடு பிணைக்கிற லாக்கைக் கழற்றிக் காட்டினார்.

"இது ஆட்டோமேட்டிக், அக்கா. வண்டி முன்னால போகையில தானாப் பிடிக்கும், பின்னால எடுத்தா விட்டுரும். பல்லும் தேஞ்சு போச்சு. சேத்துல முன்னயும் பின்னயும் ஆட்டுனீகன்னா எங்கிட்டுப் பிடிக்கும்? உங்க மேல தப்பே இல்ல."

அங்கிருந்தே மாமனாருக்கு போன் போட்டு, "வீல் லாக் தேஞ்சு போச்சு மாமா, மாத்தச் சொல்லட்டா?" என்றேன். "செய்யச் சொல்லும்மா" என்றார். கையால் திருகுகிற லாக்கை இரண்டு முன்சக்கரத்திலும் போட வைத்தேன். சேறு வந்தால் கீழே இறங்கித் திருகைத் திருப்பிவிட்டு, பிறகு லீவரைப் போட வேண்டும். திருப்பாவிட்டால் லீவர் போட்டும் பிரயோஜனமில்லை. நானே நாலு தடவை திருப்பிப் பழகினேன்.

வண்டியை எடுக்க அண்ணன்காரர் வந்தார். மெக்கானிக் விளக்க வாயெடுத்தார்.

"எனக்குத் தெரியாததா லே? நீ சோலியப் பாரு."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்ததை வேண்டுமென்றே விழுங்கினேன். பிறகு தினமும் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்த்தேன்.

கார்த்திகையில் மழை பிடித்தது. வடக்கே இருந்து ஒரு வியாபாரி மனைவியோடு வந்திருந்தார். அந்த அம்மாவுக்குப் பேச்சுத்துணையாக நான் பின்சீட்டில் இருந்தேன். முன்சீட்டில் மாமனார். ஓட்டியது அண்ணன்காரர், வெள்ளை வேட்டியில்.

அதே இடம். வண்டி இறங்கியது. லீவரைப் போட்டார், உறுமவிட்டார், முன்னும் பின்னும் ஆட்டினார். முன்சக்கரங்கள் அசையவில்லை. டிராக்டர் லோடு இறக்கப் போயிருந்தது. பின்னால் கம்பெனி பஸ் வந்து நின்றது. அதே பெண்கள் இறங்கினார்கள். நான் மடியில் கை வைத்தபடி அவர் பிடரியில் வியர்வை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்புட்டு சந்தோஷம் எனக்கு.

கடைசியில் மாமனார் திரும்பினார். "நீதானம்மா மாத்தச் சொன்ன? என்ன செய்யணும்?"

"அத்தான் கீழ எறங்கணும் மாமா. முன்சக்கரத்துக்கு நடுவுல ஒரு திருகு இருக்கு. அதத் திருப்பணும்."

நானே இறங்கித் திருப்பியிருக்கலாம். இறங்கவில்லை.

அவர் இறங்கினார். முட்டி வரை சேறு. குனிந்து திருகைத் தேடிப் பிடித்தார். "அந்தப் பக்கம் திருப்பாதீக அத்தான், இந்தப் பக்கம்" என்றேன், பஸ் வரைக்கும் கேட்கும்படி. சுற்றிப் போய் அடுத்த சக்கரத்துக்குக் குனியும்போது வழுக்கி உட்கார்ந்துவிட்டார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் எழுந்து அதையும் திருப்பி முடித்தார்.

"நீ எடு தாயி" என்றார் மாமனார்.

முன்னால் போய் உட்கார்ந்தேன். முதல் இழுப்பிலேயே வண்டி மேலே ஏறியது. அவர் கையை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"அவன ஏத்திக்கம்மா."

"நிறுத்துனா மறுபடி எறங்கிரும் மாமா" என்றேன்.

கேட் வரை அவர் அந்தப் பெண்களுக்கு நடுவே நடந்துதான் வந்தார். சாவி அதன்பின் என் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

நிறுத்தியிருந்தாலும் அந்த வண்டி மறுபடி ஏறியிருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.