நீலம் நிற்கும் வரி

இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்று நான்தான் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

டொக்டர்களைப் பார்க்க நம்பர் போட்டுக் கொடுக்கும் செனலிங் சென்டர்களுக்கு மென்பொருள் செய்வது எங்கள் வேலை. கண்டி டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றுக்கு மேலே ஒபிஸ். நான் சேர்ந்து நாலாவது மாதம். திரையில் நோயாளிகளின் பட்டியல், அதற்குக் கீழே பதினொரு பட்டன். பெயர் திருத்த ஒன்று, நாள் தள்ள ஒன்று, நீக்க ஒன்று, இப்படி. வரிசையாக வாய் திறந்து நிற்கும் அவற்றைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"இதையெல்லாம் மறைச்சிட்டு ரைட் கிளிக் மெனு வச்சிரலாம் சேர். எந்த ஆளோ அந்த வரியில அழுத்தினா, செய்யக்கூடியதெல்லாம் அங்கயே வரும்."

முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். பேச்சில் சிக்கனம். "ஓம், செய்து பார் பிள்ளை" என்றார்.

மூன்று வாரம் போனது. பட்டியலின் அடியில் அழுத்தினால் மெனு பாதி திரைக்கு வெளியே போய்விடும். அதைப் பிடித்து உள்ளே இழுத்தால், யாருடைய பெயரும் இல்லாத வெற்று இடத்திலும் திறந்தது. அதை அடைத்தால் சிங்களச் சொற்கள் மெனுவின் அகலத்துக்குள் அடங்கவில்லை. நாவலப்பிட்டியிலிருந்து வரும் காலை ரயிலில் இடம் கிடைத்தால் மடியில் லெப்டொப், கிடைக்காவிட்டால் தலைக்குள் லெப்டொப். இறங்கும்போது கழுத்து கழன்று விழுவதுபோல இருக்கும். கடைசியில் எல்லாம் ஓடியது. ஒரு வரியைக் கிளிக் செய்து, அதன்மேல் ரைட் கிளிக் செய்து, பதினொரு வேலையையும் எத்தனையோ தடவை செய்து பார்த்தேன். ஒன்றும் பிசகவில்லை.

முதலில் அதைப் போட்டது மடவளையில் ஒரு சென்டரில். முன் மேசையில் இருந்தவர் நாற்பது தாண்டிய ஒரு பெண். எல்லோருக்கும் அவர் மிஸ். அவர் தன் திரையைப் பாதி திருப்பி, காத்திருப்பவர்கள் உட்காரும் வாங்கைப் பார்க்க வைத்திருந்தார். டொக்டரின் அறைக்குள் யார் இருக்கிறாரோ அவருடைய வரியைக் கிளிக் செய்து விட்டுவிடுவார். அந்த வரி நீலமாகும். வாங்கில் இருப்பவர்கள் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நீலம் தங்கள் நம்பருக்கு இறங்கினால் எழும்பி உள்ளே போவார்கள். கூப்பிடத் தேவையில்லை.

"நீலம் எங்க மிஸ்?" என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்கள்.

"மூணுல ஈக்கி. ஒக்காருங்க."

இதை நான் பார்த்தேன். சிரித்தேன். நாங்கள் செய்யாத ஒரு வசதியை எங்கள் மென்பொருளில் கண்டுபிடித்திருக்கிறார்களே என்று நினைத்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

புதிய மெனுவைக் காட்டியதும் மிஸ்ஸுக்குச் சந்தோஷம். முன்பெல்லாம் யாராவது தான் வரவில்லை என்று போனில் சொன்னால், நீலத்தை எடுத்து அந்த ஆளின் வரிக்குக் கொண்டுபோய், நீக்கிவிட்டு, திரும்பக் கொண்டுவர வேண்டும். அதற்குள் வாங்கிலிருந்து யாராவது எழும்பிவிடுவார்கள். "இனி நீலம் அதுட எடத்துலயே ஈக்கும். நல்ல வேல செஞ்சீங்க தங்கச்சி" என்றார். பட்டன் வரிசையை மறைத்துவிட்டு நான் பஸ் ஏறினேன். அது புதன்கிழமை.

அன்று பின்னேரமே சென்டர் உரிமையாளர் ஹாஜியார் எனக்குப் போன் எடுத்தார். ஐந்தாம் நம்பர்காரி உள்ளே, திரைச்சீலைக்குப் பின்னால், டொக்டர் பரிசோதிக்கப் படுத்திருந்திருக்கிறார். அந்த நேரம் ஆறாம் நம்பர்காரரான வயதான ஆண் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார். டொக்டர் கத்த, வெளியே நின்ற அந்தப் பெண்ணின் கணவர் கத்த, ஆறாம் நம்பர்காரர், "நீலம் எனக்கு வந்திச்சே" என்று நடுங்கியிருக்கிறார். பார்த்தால் ஐந்தாம் நம்பர் பட்டியலிலேயே இல்லை. மிஸ் அதை நீக்கியதாகப் பதிவாகியிருந்தது.

வியாழக்கிழமை போனேன். மிஸ் கதிரையில் நேராக உட்கார்ந்திருந்தார். ஹாஜியார் பின்னால் நின்றார்.

"நான் ஒம்பதாம் நம்பரத்தான் நீக்கினேன். அவரு வரல்லண்டு போன் பண்ணினாரு. அஞ்சத் தொடவே இல்ல" என்றார் மிஸ்.

நான் மவுஸை வாங்கி, சும்மா ஒரு பெயரை இருபதாம் வரியில் போட்டு, கிளிக் செய்து, ரைட் கிளிக் செய்து, நீக்கினேன். அதுவே போனது. மூன்று தடவை செய்து காட்டினேன்.

"நீலத்தத் தூக்கிட்டுப் போய்ட்டீங்களே தங்கச்சி. நாலுல ஆள் உள்ளுக்கு ஈக்கி" என்று மிஸ் பதறினார். நான் நீலத்தைத் திரும்ப நாலில் வைத்தேன்.

"சரியா வேல செய்யுதே" என்றார் ஹாஜியார்.

மூன்று வாரத் தூக்கம் என் கண்ணில் இருந்தது. வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை. "அவசரத்துல சில நேரம் கை தவறும் மிஸ்" என்றேன்.

மிஸ் என்னைப் பார்க்கவில்லை. சனிக்கிழமையிலிருந்து பின்னால் ஃபைல் அறையில் இருக்கட்டும் என்றார் ஹாஜியார். முன் மேசையில் பதினாறு வருடம் இருந்தவர் மிஸ். 

திரும்பும்போது பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்றுவிட்டது. கண்ணை மூடினால் மிஸ்ஸின் குரல். நீலத்தத் தூக்கிட்டுப் போய்ட்டீங்களே. நான் முதலில் வரியைக் கிளிக் செய்கிறேன். மிஸ் ஒருநாளும் செய்யமாட்டார். செய்தால் நீலம் நகர்ந்துவிடுமே. கூட்டத்தில் இடித்துக்கொண்டு லெப்டொப்பைத் திறந்தேன். முதல் வரியை நீலமாக விட்டுவிட்டு, ஏழாம் வரியில் ரைட் கிளிக், நீக்கு. "நீக்கவா?" என்று மட்டும் கேட்டது. யாரை என்று பெயர் சொல்லவில்லை. இடம் போதாது என்று பெயரைப் போடாமல் விட்டதும் நான்தான். ஆம் என்றேன். முதல் வரி போய், நீலம் இரண்டுக்கு இறங்கியது.

மெனு, மவுஸ் எங்கே நிற்கிறது என்று பார்க்கவே இல்லை. எது நீலமோ அதைத்தான் பிடித்திருக்கிறது. திருத்த நாலு வரி போதும்.

வெள்ளிக்கிழமை ஒபிஸில் சொன்னேன்.

"திருத்தியாச்சுதானே. இங்கயிருந்தே அனுப்பிவிடு. ஏன் அலையிறாய்?" என்றார் முதலாளி.

"அந்த மிஸ்ஸ ஃபைல் ரூமுக்குப் போடுறாங்க சேர்."

"அது அவையின்ர விசயம் பிள்ளை. பிழை எங்கட எண்டு சொன்னா மற்ற சென்டர்காரரும் கேக்க வெளிக்கிடுவினம்."

வாதாட எனக்குத் தெம்பில்லை. சனிக்கிழமை எனக்கு லீவு. லீவில் ரயில் ஏறி, கண்டியில் இறங்கி, மடவளை பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். பிழையை ஹாஜியார் கண்ணால் பார்க்கட்டும் என்று, திருத்தியதை அனுப்பாமல் கையிலேயே கொண்டு போனேன்.

முன் மேசையில் ஹாஜியாரே இருந்தார். நீலம் இரண்டில் நின்றது. என்ன விசயம் என்று சொன்னேன். நம்பவில்லை.

"நீங்களே செஞ்சு பாருங்க ஹாஜியார். நீலத்தத் தொடாம, பன்னெண்டாம் வரியில ரைட் கிளிக் பண்ணி நீக்குங்க."

செய்தார். பன்னிரண்டு அப்படியே இருக்க, இரண்டு மறைந்தது. நீலம் மூன்றுக்கு விழுந்தது. வாங்கிலிருந்து ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பி, டொக்டரின் கதவை நோக்கி நடந்தார்.

"இரிங்க இரிங்க, போவாதீங்க" என்று ஹாஜியார் பாதி எழும்பிக் கையை நீட்டினார். அந்தப் பெண் நின்று, திரையைக் காட்டி, "நீலம் வந்தீக்கே" என்றார்.

ஹாஜியார் திரையைப் பார்த்தார். "அப்ப அண்டைக்கி மிஸ்ட கை இல்ல?"

"இல்ல. நான் செஞ்ச பிழை. கை தவறும்னு சொன்னதும் நான்தான்."

 ஹாஜியார் உட்கார்ந்தபடியே பின்பக்கம் திரும்பி, "மிஸ், வந்து ஒங்கட எடத்துல இரிங்க" என்றார். பிறகு எழும்பி மருந்துக் கவுண்டருக்குப் போய்விட்டார்.

மிஸ் ஃபிளாஸ்க்கையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். கதிரையின் உயரத்தைச் சரிசெய்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ஊட்டுல எல்லாருக்கும் செல்லிட்டேன், கண்ணு போய்ட்டுண்டு. இங்கயே கண் டொக்டருக்கு நம்பரும் போட்டீக்கேன்."

 போன இரண்டாம் நம்பரைத் திரும்பத் தட்டி ஏற்றினேன். திருத்திய மெனுவைப் போட்டேன். இப்போது சரியாக வேலை செய்யும், யாரை நீக்குகிறது என்று பெயரையும் சொல்லிக் கேட்கும் என்றேன்.

"அந்தப் பட்டன் எல்லாத்தையும் திரும்ப வைங்க தங்கச்சி."

வைத்தேன். பதினொன்றும் பழையபடி வரிசையாக வந்து நின்றன.

மிஸ் கண் டொக்டரின் பட்டியலைத் திறந்தார். தன் பெயரைக் கிளிக் செய்தார். அது நீலமானது. நீக்கு பட்டனை அழுத்தினார். திரையில் வந்த பெட்டி அவருடைய பெயரைச் சொல்லி நீக்கவா என்று கேட்டது. கண்ணாடியைப் போட்டு ஒருமுறை வாசித்துவிட்டு, ஆம் அழுத்தினார். பிறகு பழைய பட்டியலுக்கு வந்து நீலத்தை இரண்டில் வைத்தார்.

"நீலம் எங்க மிஸ்?" என்று வாசலில் யாரோ கேட்டார்கள்.

"ரெண்டுல. ஒக்காருங்க."

நானும் வாங்கின் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, பஸ்ஸுக்குப் போனேன்.