கால் இல்லாத சுவிசேஷமுத்து

பிரிஜட் என்றால் சிங்கப்பூரில் அந்த ஈசூன் அடுக்குமாடி புளோக்கில் பாதிப் பேருக்குத் தெரியாது. தலைகீழாக நிற்கும் ஆண்ட்டி என்றால் தெரியும். தேக்காவில் ஒரு பல் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. வயது ஐம்பதைத் தாண்டியும், ஹாலில் பாயை விரித்துச் சிரசாசனம் போட்ட பிறகுதான் காலைக் காப்பி. சமூக மன்ற யோகா வகுப்பில் இளசுகள் தள்ளாடும்போது அவள் அசையாமல் நிற்பாள். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றும் அப்படி நின்றிருந்தபோது கணவர் சுவிசேஷமுத்து சமையலறையிலிருந்து வந்தார். கைலி தெரிந்தது. கைலிக்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் தரை. மிதந்து வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

பிரிஜட் பொத்தென்று இறங்கினாள். கால்கள் இருந்தன. செருப்பும் இருந்தது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி முழிக்கிற?"

பேய்க்குக் கால் கிடையாது என்று சின்ன வயதில் கேட்டது நினைவுக்கு வந்தது. சிலுவை போட்டுக்கொண்டாள். மறுநாளும் கால் இல்லை. இவருக்கு ஏதோ ஆகப்போகிறது என்று மனசில் விழுந்துவிட்டது. அவரை அரசு பாலிகிளினிக்குக்கு இழுத்துப் போனாள். எல்லாம் சரியாக இருந்தது. கால் திரும்பியிருக்குமா என்று பார்க்கவே தினமும் தலைகீழாக நின்றாள், முன்னைவிட அதிக நேரம்.

பிறகு ஒருநாள் பஃபலோ சாலையில், கடை வாசலில் தொங்கிய வாழைத்தார் நெற்றியில் இடித்தது.

"இவ்வளவு பெருசா தொங்குது, தெரியலையாக்கா?" என்றான் கடைக்காரன்.

தெரியவில்லை. பல் டாக்டரிடம் சொன்னாள். அவர் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்.

இருட்டறையில் வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்தாள். வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும் என்றாள் பரிசோதனை செய்த பெண். வெகுநேரமாக ஒன்றும் வரவில்லை.

"மெஷின் நின்னுடுச்சா, மிஸ்?"

"இல்ல ஆண்ட்டி. லைட் வந்துக்கிட்டேதான் இருக்கு."

பிரிஜட் கிண்ணத்திலிருந்து முகத்தை எடுத்தாள்.

"கிளாக்கோமா, கண் அழுத்த நோய்," என்றார் டாக்டர் ஃபர்சானா, கால் மறைந்த கதையையும் கேட்டுவிட்டு. "ரெண்டு கண்ணுலயும் மேல்பக்கப் பார்வை குறைஞ்சிருக்கு. பார்வை இல்லாத இடத்த மூளையே எதையாவது வச்சு நிரப்பிடும். நீங்க தலைகீழா நிக்கிறப்ப அந்த மேல்பக்கம் தரைப்பக்கமா வந்துடுது, அதான் அவர் கால் தெரியல. அதோட, அப்படி நின்னா கண் அழுத்தம் டபுளாயிடும். இனி வேண்டாம். மூச்சைப் பிடிச்சு வெயிட் தூக்காதீங்க. நடங்க, அது நல்லது."

"போனது வருமா டாக்டர்?"

"வராது ஆண்ட்டி. இருக்கறத காப்பாத்தலாம்."

சொட்டு மருந்தில் அழுத்தம் இறங்கியது. இப்போது காலையில் இருவரும் ஈசூன் குளத்தைச் சுற்றி நடக்கிறார்கள். சில இடங்களில் சுவிசேஷமுத்து அவள் கையைத் தொட்டு, "கிளை இருக்கு, பாத்து," என்பார். அவளுக்கு அங்கே வானம் மட்டுமே தெரியும். தலையைத் தாழ்த்துவாள். இலைகள் முடியை உரசிக்கொண்டு போகும்.