வேருக்குக் கண் கிடையாது

அவள் உருளைக்கிழங்குகளை வேர்க் கூடையிலிருந்து எடுத்துத் தண்டுக் கூடையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். போடுகிறாள் என்பதைவிட எறிகிறாள் என்பதுதான் சரி. ஒவ்வொன்றும் தொம்மென்று விழுகிறது, ஒவ்வொரு தொம்முக்கும் ஒரு முணுமுணுப்பு. "கேரட்டு வேர். பீட்ரூட்டு வேர். முள்ளங்கி வேர். இது தண்டு. இன்னும் எத்தனை வருஷம் சொல்றது." முன்னறையில் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கணவருக்குக் காது நன்றாகவே கேட்கும். கேட்காத மாதிரி இருப்பதில் அவர் கைதேர்ந்தவர்.

அவள் சமையலறையில் காய்கறிக்கு நாலு கூடை. வேருக்கு ஒன்று, தண்டுக்கு ஒன்று, இலைக்கு ஒன்று, பூவுக்கும் காய்க்கும் சேர்த்து ஒன்று. இஞ்சி தண்டுக் கூடையில் இருக்கும், காலிஃபிளவர் பூக் கூடையில். வெங்காயம் ஏன் இலைக் கூடையில் கிடக்கிறது என்று எந்த விருந்தாளியாவது வாய்விட்டுக் கேட்டால் தீர்ந்தது. ஒன்றை நெடுக்காக நறுக்கி, அடியில் இருக்கும் தட்டையான வட்டத்தைக் காட்டுவாள். "இத்தனூண்டுதான் தண்டு. நாம உரிக்கிறதெல்லாம் இலை. சாப்பாட்டைச் சேத்து வச்சுச் சேத்து வச்சுக் குண்டாயிருச்சு." விருந்தாளி கண்ணைத் துடைத்துக்கொள்வார். கணவரோ சந்தையிலிருந்து வந்ததும் பை முழுவதையும் கைக்கு எட்டிய கூடையில் கவிழ்ப்பார். "எதுல கிடந்தா என்ன, கடைசியில வயித்துக்குள்ளதானே போகப் போகுது" என்பார். அவரும் அறிவியல் ஆசிரியர் என்பதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் காம்பு டீச்சர் என்று பெயர். இலையை வரைந்துவிட்டுக் காம்பை வரையாமல் விட்ட பிள்ளை அவளிடம் தப்பியதே இல்லை. "இலை என்ன அந்தரத்துலயா தொங்குது? தண்ணி எது வழியா வரும், உன் பேனா வழியாவா?" என்பாள். செடியின் பாகங்களை அவள் நடத்தும் பாடம் நாலே வரி. வேர் குடிக்கும், தண்டு சுமக்கும், இலை சமைக்கும், பூ விருந்தாளியைக் கூப்பிடும். சொல்லி முடித்து, கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, "எங்க வீட்ல இந்த நாலு வேலைக்கும் ஒரே ஆளு" என்பாள். வகுப்பு சிரிக்கும். அவள் சிரிக்க மாட்டாள்.

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பார்கள். உண்மையில் அது கொஞ்சம் கீழே, வலது கையில் இருக்கிறது. அவள் சிவப்புப் பேனாவால் ஒரு பிழையைச் சுழித்தால் தாளின் பின்பக்கம் தடம் புடைத்து நிற்கும்.

இந்த வருஷம் விடைத்தாள் திருத்தும் முகாமில் அந்தக் கைக்கு வேலை வந்தது. நீளமான கூடம், வரிசையாக மேஜைகள், தலைக்கு மேல் மின்விசிறிகள், தாள் பறக்காமல் இருக்க ஆளுக்கொரு கல். முன்னால் தனி மேஜையில் முதன்மைத் தேர்வாளர். அது அவள் கணவர்தான். காலையில் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்குகிற இருவரும் வாசலைத் தாண்டியதும் சாரும் மேடமும் ஆகிவிடுவார்கள். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சரி என்ற விடைக்குறிப்பைத் தயாரித்ததும் அவர்தான்.

உருளைக்கிழங்கு தாவரத்தின் எந்தப் பாகம் என்று ஒரு கேள்வி. விடைக்குறிப்பில் 'வேர்' என்று இருந்தது.

அவள் முதலில் அச்சுப்பிழை என்று நினைத்தாள். அப்புறம் கூடை ஞாபகம் வந்தது. பக்கத்து மேஜை ஆசிரியையிடம் காட்டினாள். "தண்டுதான், எனக்கும் தெரியும். ஆன்சர் கீயில இருக்கறதைப் போட்டுட்டுப் போவோம், நமக்கு எதுக்கு வம்பு" என்றாள் அந்த அம்மா, தண்டு என்று எழுதியிருந்த இன்னொரு பிள்ளைக்கு முட்டை போட்டபடி.

அடுத்து வந்த தாளில் எழுத்து கோணல், எழுத்துப்பிழை ஏராளம். ஆனால் அந்தக் கேள்விக்கு, 'தண்டு. ஏனென்றால் அதற்குக் கண் இருக்கிறது' என்று எழுதி, பக்கத்தில் முளைவிட்ட ஓர் உருளைக்கிழங்கையும் வரைந்திருந்தது அந்தப் பிள்ளை. முழுத் தாளையும் திருத்திக் கூட்டினாள். தேர்ச்சிக்கு ஒரு மதிப்பெண் குறைந்தது. மறுபடி கூட்டினாள், அப்போதும் குறைந்தது. தண்டுக்கு உரிய ஒன்றைக் கொடுத்தால் அந்தப் பிள்ளை தேறும், கொடுக்காவிட்டால் இன்னொரு வருஷம் அதே வகுப்பில் உட்காரும். சரியாகச் சொன்னதற்கு அதுதான் தண்டனை. அந்தத் தாளைக் கட்டில் சேர்க்காமல் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். அவர் மறுக்கவில்லை. "தப்புதான். அவசரத்துல எழுதிட்டேன். எல்லா மேஜையிலயும் பாதிக் கட்டு முடிஞ்சாச்சு. இப்ப மாத்தினா மேலேருந்து விளக்கம் கேப்பாங்க. தலைமையாசிரியர் பதவி வர்ற நேரத்துல என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?"

"அதனால அந்தப் பிள்ளை தலையில போட்டுட்டீங்க."

"மண்ணுக்குள்ள விளையறதுதானே, வேர்னுதான் பாதிப் பேர் நினைக்கறாங்க."

"மண்ணுக்குள்ளதான் மண்புழுவும் இருக்கு. அதையும் வேர்னு எழுதிடுங்க."

அதற்குப் பிறகு அவள் பேசியது ஒரே வாக்கியம். தட்டை வைத்துவிட்டு, "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன் சார்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை வீட்டில் சார் என்று அவள் கூப்பிட்டதில்லை. அவருக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கக் கூடாது என்றுதான் அவளும் அப்படிக் கூப்பிட்டாள்.

மறுநாள் காலை ஸ்கூட்டரின் பின்னிருக்கை காலியாகப் போனது. அவள் பேருந்தில் வந்தாள். வந்ததும் அந்தத் தாளை எடுத்து, தண்டுக்கு நேரே ஒன்று போட்டாள், பின்பக்கம் புடைக்கிற அழுத்தத்தில். மொத்தத்தைத் திருத்தினாள். விடைக்குறிப்பை மீறிப் போட்ட மதிப்பெண் முதன்மைத் தேர்வாளரின் கையெழுத்து இல்லாமல் செல்லாது. தாளோடு நேரே முன் மேஜைக்குப் போனாள்.

கைப்பையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்து அவருடைய விடைக்குறிப்பின் மேல் வைத்தாள். கூடைக்குப் பின்னால் உருண்டு போய் யாருக்கும் தெரியாமல் கிடந்தது அது. தோல் சுருங்கி, கண்ணுக்குக் கண் வெளுத்த முளை விட்டிருந்தது.

"வீட்டுச் சண்டையை இங்க கொண்டு வராதீங்க மேடம்" என்றார் அவர், உதடு அசையாமல்.

"வீட்டுச் சண்டையா இருந்தா கூடையோட போயிருக்கும் சார். இதைப் பாருங்க. இது கண்ணு, இது கண்ணு, இதோ இன்னொண்ணு. கண்ணு இருந்தா மொட்டு. மொட்டு இருந்தா தண்டு. வேருக்குக் கண்ணு கிடையாது. அது இந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு."

கூடத்தில் பேனாச் சத்தம் நின்றுவிட்டது. பக்கத்து மேஜை அம்மா கல்லைத் தூக்கியவள் தூக்கியபடி இருந்தாள்.

அவள் தாளை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, முனை தன் பக்கமும் அடி அவர் பக்கமும் இருக்க, அடுத்தவர் கையில் கத்தியைக் கொடுக்கிற மாதிரி நீட்டினாள். அவர் வாங்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், உருளைக்கிழங்கை மட்டும் பார்க்கவில்லை.

"எல்லாரும் பாக்கறாங்க, கையை இறக்கு" என்றார், 'மேடம்' போட மறந்து.

அவள் பேனாவை இன்னும் ஓர் அங்குலம் அவர் பக்கம் நகர்த்தினாள்.