பங்கர் வாசலும் என் வயிறும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணமே மெலிந்துகொண்டிருந்தது. நான் மட்டும் மெலியவில்லை. உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பித்தேன். மாலையில் வீடுகளுக்குப் போய்ப் படிப்பிக்கும்போது, இல்லாத வீட்டிலும் மாஸ்டருக்கென்று ஒரு தட்டு வரும். ஒரு தட்டையும் நான் திருப்பி அனுப்பியதில்லை.

அச்சுவேலிக்கு அருகே எங்கள் ஒழுங்கையில் குண்டுவீச்சுக்குப் பதுங்க மூன்று வீட்டுக்கும் பொதுவாக ஒரு பங்கர் இருந்தது. எங்கள் வீடு, கணவரை இழந்து தனியே இருந்த பக்கத்து வீட்டு அக்காவின் வீடு, எதிரே மேசனின் வீடு. மேசன்தான் அலவாங்கால் கல்லை உடைத்து, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு முடித்தவர். குண்டுச் சிதறல் உள்ளே வராதிருக்க வாசலை ஒடுக்கமாக விட்டிருந்தார். என் அளவை அவர் எடுக்கவில்லை.

குண்டு போடும் பொம்மர் விமானம் வந்த முதல் நாள் எல்லாரையும் முந்தி ஓடியவன் நான். தலையும் தோளும் உள்ளே போயின. வயிறு இறுகிவிட்டது.

“மாஸ்டர், உள்ளை போங்கோ!” என்று மேசன் பின்னால் நின்று கத்தினார்.

“ஏலாமல் கிடக்கு!”

“அப்ப வெளியாலை வாங்கோ!”

“அதுவும் ஏலாது!”

மற்றவர்கள் வேலியோரம் குப்புறப் படுத்தார்கள். குண்டு எங்கோ தொண்டைமானாற்றுப் பக்கம் விழுந்தது. சத்தம் அடங்கியதும் மேசன் என் காலைப் பிடித்து இழுத்தார்.

“பங்கருக்கு மூடி இல்லையெண்டு யோசிச்சனான். இப்ப கிடைச்சிட்டுது.”

எல்லாரும் சிரித்தோம். பிறகு யோசித்தோம். இனிமேல் நான் கடைசியாக வருகிறேன், உள்ளே போக ஏலாவிட்டால் வெளியே படுக்கிறேன் என்றேன். என் மனைவி மறுத்துவிட்டாள்.

“நீங்கள் வெளியிலை எண்டால் நானும் வெளியிலைதான்.”

ஆகவே வாசலை அகட்ட வேண்டும். அகட்டினால் அதன் மேல் போட நீளமான குற்றி வேண்டும். எல்லாரும் பங்கர் வெட்டிய காலம் அது. விலைக்கும் மரம் கிடைக்கவில்லை. மேசன், அக்காவின் வளவு மூலையில் நின்ற பனையைப் பார்த்தார். அதன் பழத்தைப் பிழிந்து காயவைத்து அக்கா பனாட்டுப் போட்டு விற்பார். அவருடைய வேலியை அடைப்பதும் அதன் ஓலைதான்.

அக்கா மரத்தைத் தொட்டுப் பார்த்தார். “ஒரு மாசம் பாப்பம். மாஸ்டர் மெலிஞ்சால் மரம் நிக்கட்டும்.”

“ஓம் அக்கா, மெலிஞ்சு காட்டுறன்” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மனைவி குரக்கன் பிட்டை அளந்து வைத்தாள். மாஸ்டருக்குத் தட்டு வேண்டாமென்று படிப்பிக்கப் போகும் வீடுகளுக்கும் சொல்லிவைத்தாள். பொம்மர் வந்தால் நாங்கள் இருவரும் கிணற்றுக்கட்டோடு படுத்துக்கொண்டோம். தேகப்பயிற்சிக்கென்று தினமும் பின்னேரம் சைக்கிளில் அச்சுவேலிச் சந்தைவரை போய் வரத் தொடங்கினேன். ஒழுங்கையே என்னை மெச்சியது. “நல்லா வத்திப்போனார்” என்று அக்கா என் மனைவியிடம் சொன்னதை நானே கேட்டேன்.

சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. முதல் நாள் தண்ணீர் குடிக்கத்தான் இறங்கினேன். சுசியம் சட்டியிலிருந்து சுடச்சுட வந்துகொண்டிருந்தது. அடுத்த நாள் தண்ணீர் என்ற சாட்டுக்கூடத் தேவைப்படவில்லை. என்னைக் கண்டதும் கடைக்காரர் தட்டை எடுத்து வைத்துவிடுவார். ஒருவன் நுகர, செலவை இன்னொருவர் சுமப்பதை வகுப்பில் புறச்செலவு என்று படிப்பித்தேன். உதாரணத்துக்கு ஆலைப் புகையைச் சொன்னேன். அக்காவின் பனையை ஒவ்வொரு கடியாக நான் தின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. சுசியம் ருசியாக இருந்தது. வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று வீடும் கூடியது. நான் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு இறங்கினேன். அதே இடத்தில் இறுகியது.

“மாஸ்டர், மூச்சை விடுங்கோ” என்றார் மேசன்.

“விட்டால் இன்னும் இறுகும்!”

சிரித்துச் சிரித்து அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “பாவம், அந்த மனுசனைக் கேலி பண்ணாதேங்கோ. அது உடம்பு வாகு. பட்டினி கிடந்தும் வயிறு குறையேல்லை. நாளைக்கு மரத்தைத் தறியுங்கோ.”

அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மரம் விழுந்தது. மேசன் மரத்தின் உச்சியான வட்டைப் பிளந்து குருத்தை எடுத்தார். அக்கா அதைத் துண்டாக வெட்டி எல்லாருக்கும் கொடுத்தார். பெரிய துண்டை எனக்கு நீட்டினார்.

“ஒரு மாசமா வயித்தைக் காயப்போட்டனீங்கள். சாப்பிடுங்கோ மாஸ்டர்.”

வாங்கித் தின்றேன். இளந்தேங்காய்போல இனித்தது. இன்னும் வேண்டுமா என்று அக்கா கேட்டார், ஓம் என்றேன்.