கதைத்ததால் வந்த நோவு

காலையில் பல் தீட்டப் போனால் வாய் பாதிக்கு மேல் திறக்கவில்லை. இரண்டு காதுகளுக்கும் கீழே, தாடை முழுக்க, யாரோ அடித்துப் போட்டதுபோல நோவு. விலாவும் நொந்தது. என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போன அன்று அவருக்கும் முதலில் தாடைதான் நொந்தது. பல்லுக்கொதி என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். கண்ணாடியைப் பார்த்து, “என்ர மாதாவே, எனக்கும் அதுதான்” என்றேன். வீட்டில் வேறு யாரிடம் சொல்ல?

ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவாலில் இருக்கும் மகனுக்குப் போன் அடித்தேன். வழக்கமாக நான் போனில் என்ன எழுதி அனுப்பினாலும் ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்புவான், அவ்வளவுதான்.

“அம்மா, மீட்டிங்கில நிக்கிறன். பேந்து எடுக்கட்டே?”

“எடு. நான் இருந்தால் கதைப்பம்” என்றேன்.

குறை சொல்லக்கூடாது, பறந்து வந்தான். வெளிப்படியெல்லாம் ஐஸ். என் முழங்கையைப் பிடித்துப் பிடித்து இறக்கினான். உயிர் போகிற பயத்திலும் அந்தப் பிடி எனக்குப் பிடித்திருந்தது.

கிளினிக்கில் நெஞ்சில் வயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் இளம்பெடியன், பிரெஞ்சுக்காரன். இதயத்தில் ஒரு பிழையும் இல்லை என்றான். தையல் பாக்டரியில் கிடந்த காலத்திலேயே எனக்கு பிரெஞ்சு நன்றாக விளங்கும். ஆனாலும் ஒன்றும் விளங்காதவள்போல மகனைப் பார்த்தேன். அவன் மொழிபெயர்த்துச் சொன்னால் அந்த நேரமாவது என்னோடு கதைப்பான் அல்லவா?

டாக்டர் என் கன்னங்களில் விரலை வைத்து, பல்லைக் கடிக்கச் சொல்லி அழுத்தினான். “ஐயோ!” என்று கத்திவிட்டேன். மெல்லுகிற தசை இது, அளவுக்கு மேல் வேலை செய்து நொந்துபோயிருக்கிறது என்றான். நடக்காதவர் ஒருநாள் மலை ஏறினால் மறுநாள் கால் நோகாதா, அதுபோலத்தானாம். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டான்.

“ஏனம்மா, அந்தக் கல்லுப்போல இருக்கிற பருத்தித்துறை வடையளைக் கடிச்சனீங்களே?” என்றான் மகன். மேசையில் கிடந்த பையைப் பார்த்திருக்கிறான்.

“ஒண்டுதான் கடிச்சனான். நான் நேற்று முழுக்கக் கதைச்சனான்.”

உண்மையும் அதுதான். மன்னாரில் கான்வென்டில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள், இப்போது லண்டனில் இருப்பவள், ரொறன்ரோவில் ஒரு கலியாணத்துக்கு வந்த இடத்தில், என்னைப் பார்க்கவென்றே இரவு பஸ் பிடித்து வந்தாள். அந்த வடைப்பையும் அவள் கொண்டுவந்ததுதான். காலையில் தொடங்கிய கதை, அவளை மாலை பஸ்ஸில் ஏற்றும்வரை ஓயவில்லை. சிஸ்டரின் குடைக்குள் தவளை விட்ட கதைக்கு இரண்டு பேரும் விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்துவிட்டோம். “என்னடி, இவ்வளவு காலமும் வாயைப் பூட்டியே வைச்சிருந்தனி?” என்று கேட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

நான் கதைத்ததை மகன் பிரெஞ்சில் சொன்னதும் டாக்டர் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டான். வழக்கமாக அம்மா யாரோடு கதைப்பார்?

இதை மகன் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. தானே பதில் சொன்னான். “அவெக் முவா.” என்னோடு.

நான் என் சப்பாத்திலிருந்து உருகிய பனித்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வந்தது. அவனுடைய முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது, பாவம். எனக்கு விளங்கியதைக் காட்டிக்கொள்ளவில்லை.

“என்ன கேட்டவர்?”

“ஒண்டுமில்லை அம்மா. சூட்டுத்துணி வைக்கட்டாம். கொஞ்ச நாளைக்கு வாய்க்கு ஓய்வு குடுக்கட்டாம். கதையைக் குறைக்கட்டாம்.”

“ஓம், குறைக்கலாம்” என்றேன்.

செயின்ட்-மிஷேலில் என் வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒருதரம் “அம்மா” என்று தொடங்கினான். பிறகு, பனி கொட்டப்போகுதாம் என்றான்.

“மேல வாவன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ.”

“பேந்து வாறன் அம்மா. சின்னவளைக் கார்டரியில எடுக்கவேணும்.” பேத்தியைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் அது.

டாக்டர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தேன். அதில் எனக்கு என்ன கஷ்டம்? பால் வாங்கப்போன இடத்தில் ஒரு ‘போன்ஜூர்’, ஒரு ‘மெர்சி’, அதோடு சரி. ஆனால் துணி மட்டும் வைக்கவில்லை. யன்னலோரம் இருந்து, இரண்டு கன்னங்களையும் விரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பேன். நொந்தது. நோகும்போதெல்லாம் தவளையும் குடையும் நினைவுக்கு வரும். தனியே இருந்து சிரிப்பேன். விலாவும் கூடவே நோகும்.

ஒருநாள் காலையில் வாய் முழுதாகத் திறந்தது. கன்னத்தை அழுத்தினேன், ஒன்றுமில்லை. மற்றக் கன்னத்திலும் இல்லை. ஓடிப்போய்ப் பையில் மிஞ்சிக் கிடந்த வடையில் ஒன்றை எடுத்துக் கடைவாயில் வைத்து, முழுப் பலத்தோடும் கடித்தேன். அது நொறுங்கியது. கொஞ்சம்கூட நோகவில்லை. சுவரோடு சாய்ந்து நின்று, வாயில் வடையோடு விக்கி விக்கி அழுதேன்.