பெற்றோர் எண்ணுக்கு மட்டும்

தலைமையாசிரியை சுற்றறிக்கையை வாசித்து முடித்ததும் முதலில் கைதட்டியவள் நான்தான். கூட்டத்துக்கு வந்திருந்த மற்ற பெற்றோர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் தட்டினார்கள்.

ஆசிரியர்களும் மாணவிகளும் இனித் தனியாகப் போனில் பேசக் கூடாது, செய்தி அனுப்பிக்கொள்ளக் கூடாது, சமூக வலைத்தளங்களில் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது. பாடத்தில் சந்தேகம் என்றால் பெற்றோரின் எண்ணிலிருந்து கேட்கலாம். பதிலும் பெற்றோரின் எண்ணுக்கு, பெற்றோருக்கு எழுதுவதாகவே வர வேண்டும். பரிசு கொடுப்பது, பிறந்தநாள் கேக் வெட்டுவது, வண்டியில் ஏற்றிப் போவது எல்லாவற்றுக்கும் தடை. சுற்றறிக்கை சொன்னது இவ்வளவுதான்.

இப்படி ஒரு விதி ஏன் தேவை என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் கள்ளக்குறிச்சியில் ஒரு நாளிதழின் பகுதிச் செய்தியாளர். மகளிர் காவல் நிலைய வாசலில் நின்று, பெயர் போடாமல், ஊர் போடாமல் நான் எழுதிக் கொடுத்த செய்திகள் உண்டு. விதி நல்ல விதி. ஆனால் நான் கைதட்டியது அதற்காக இல்லை. என் மகளின் இயற்பியல் ஆசிரியை மேடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் தட்டினேன்.

மகள் அப்போது பிளஸ் டூ. அந்த ஆசிரியை பள்ளிக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கடலூர்ப் பக்கம், கல்யாணம் ஆகாதவர், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கியிருந்தார். மற்றவர்களெல்லாம் கெமிஸ்ட்ரி மிஸ், இங்கிலீஷ் மிஸ் என்று பாடத்தோடு சேர்த்து அழைக்கப்பட்டார்கள். இவர் வெறும் 'மிஸ்'. அதுவே போதுமானதாக இருந்தது.

மகளுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தது நான். ஒரு வருடம் அது பீரோவில் கிடந்தது. போடு போடு என்று சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கண்ணாடி போட்டால் நன்றாக இருக்கிறது என்று மிஸ் ஒரு முறை சொன்னார். அன்றிலிருந்து சாப்பிடும்போதுகூடக் கழற்றவில்லை. என்னிடம் அவள் பேசியதெல்லாம் பசி, சாவி, சார்ஜர் பற்றித்தான். மாலையில் அப்பாவின் பழைய போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தால், படியிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். நகராட்சிக் கூட்டத்துச் செய்தியை அடித்துக்கொண்டே அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பள்ளி விட்டு வந்ததும் அவள் வாய் திறந்து பேசுகிற ஆள் நானாக இருக்க வேண்டும்.

என் கணவருக்கு ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் உண்டு. கரும்பும் மரவள்ளியும் போடுகிறவர். எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

"இன்னாடி, டீச்சரம்மாவோட போட்டி போட்டுக்கினு கீற?"

"போட்டி இன்னா போட்டி. பெத்தவ கிட்ட பேசறதுக்கு அவளுக்கு இன்னா வந்துச்சி?"

"உன் கிட்ட பேசுனா நாளிக்கு பேப்பர்ல வந்துடும்னு பயப்புடுதோ இன்னாவோ."

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பழைய போனிலிருந்து மிஸ்ஸின் எண்ணை மகளே அழித்தாள். நான் சொல்லவில்லை. மிஸ் வகுப்பில் சொல்லியிருந்தாராம். அழிப்பதற்குக்கூட மிஸ் சொன்னால்தான்.

இரண்டாம் நாள் மாலை மகள் சோபாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"அம்மா, மிஸ் கிட்ட ஒரு டவுட் கேக்கணும். நான் சொல்றேன், நீ அடி."

அடித்தேன். கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் மின்னோட்டம் ஏன் அந்தத் திசையில் ஓடுகிறது என்பது கேள்வி. பதில் என் பெயருக்கு வந்தது. "மதிப்பிற்குரிய பெற்றோருக்கு வணக்கம். தங்கள் மகளின் சந்தேகத்துக்கான விளக்கம் பின்வருமாறு." நான் மாதாமாதம் செய்தியாக்கும் மின்தடை அறிவிப்பு மாதிரியே இருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, மிஸ் இப்பிடி பேசவே மாட்டாங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. அந்தக் கலக்கத்தையும் நான் குறித்துக்கொண்டேன்.

ஆனால் அந்த ஆசிரியை விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுகிறவர். பெற்றோருக்கு எழுத வேண்டும் என்றால் பெற்றோருக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். அடுத்தடுத்த பதில்கள் எனக்கே பாடம் நடத்தின. "காந்தம் கிட்டே வந்தால் சுருள் அதைத் தள்ளப் பார்க்கும் மேடம். விலகிப் போனால் இழுக்கப் பார்க்கும். மாற்றம் எதுவாக இருந்தாலும் அதற்குப் பிடிக்காது. இது உங்களுக்குத் தெளிவாக இருக்கிறதா?" நான் தமிழ் இலக்கியம் படித்தவள். எனக்குத் தெளிவாக இருந்தது. இருக்கிறது என்று எழுதினேன். உடனே ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது.

தீபாவளி கழிந்தபோது மகள் இல்லாத நேரத்திலும் செய்தி வர ஆரம்பித்திருந்தது. விதி மாணவிகளைப் பற்றித்தான் பேசியது. அம்மாக்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கோமுகி அணை திறப்பு பற்றி நான் எழுதிய செய்தியைப் படித்ததாக மிஸ் எழுதினார். அறைக்குச் சொந்தக்காரர் தண்ணீர் விடுவதில்லை என்றார். யாரிடம் பேச வேண்டும் என்று நான் சொன்னேன். மேடம் என்பது மாறி ஒரு நாள் அக்கா என்று வந்தது. அந்த நேரத்தில் மகள் என் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அக்காவா? எங்க மிஸ் உன்ன அக்கான்னா கூப்புடறாங்க?"

"ஆமா. அதுக்கு இன்னா?"

"ஒன்னும் இல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப எனக்கு அவங்க இன்னா வேணும், சித்தியா?" என்றாள். கேலிதான். ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள். பிறகு நான் குளிக்கப் போகிற நேரங்களில் என் போன் இடம் மாறியிருப்பதைப் பார்த்தேன். எடுத்துப் படிக்கிறாள். ஒரு வார்த்தையும் அனுப்பியதில்லை. படிக்க மட்டும் படித்தாள். நான் போனுக்குப் பூட்டு போட்டேன்.

பொங்கலுக்கு முன்னால் மிஸ் போன் செய்தார். அரசு வேலை கிடைத்துவிட்டது, வெள்ளிமலைப் பக்கத்தில் ஒரு பள்ளி, கோடை விடுமுறை முடிந்ததும் சேர வேண்டும்.

"பசங்களுக்கு இப்ப தெரிய வேணாம்கா. எக்ஸாம் முடியட்டும். கடைசி நாள் நானே சொல்லிக்கிறேன். மனசுல வச்சுக்க முடியலை, உங்க கிட்ட மட்டும் சொல்றேன்."

இன்ன நாள் வரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு செய்தி கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம். கையில் செய்தி இருக்கும், மற்ற பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியாது. அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்போம். அந்த டீக்குத் தனி ருசி உண்டு. அந்தத் தை, மாசி முழுக்க என் வீட்டிலேயே நான் அந்த டீயைக் குடித்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "காலேஜ் போனாலும் சனிக்கிழம சனிக்கிழம மிஸ் ரூமுக்கு போயி கத்துக்குவேன்" என்பாள். "சரி, போ" என்பேன். மிஸ்ஸைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அவளைவிட ஒரு படி மிஸ்ஸுக்கு நெருக்கமாக நான் இருந்தேன். பரீட்சை நேரத்தில் அவள் மனம் கெட்டுவிடக் கூடாது என்ற நியாயமும் இருந்தது. நியாயம் இரண்டாவது பத்தியில்தான் வரும். தலைப்பு வேறு.

கடைசிப் பரீட்சை அன்று மகள் வெயிலில் வந்து செருப்பைக் கழற்றாமலேயே நின்றாள்.

"மிஸ் மலைக்கு போறாங்களாம். உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"பொங்கலுக்கு முன்னாடியே."

"உன் கிட்ட சொன்னாங்க. என் கிட்ட சொல்லல." அதை அவள் கேள்வியாகக் கேட்கவில்லை. "ஊர்ல எவன் வூட்டுல எது நடந்தாலும் எழுதுற. இத மட்டும் வாய்க்குள்ளயே வச்சுக்கினியா?"

அவள் முகத்தில் அப்போது இருந்தது என் முகம். ஒரு வருடம் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நான் எப்படி இருந்திருப்பேன் என்று முதல் தடவையாக வெளியிலிருந்து பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் ஒரு நொடி இனித்தது.

சாப்பிடாமல் படுத்தவள் சாயங்காலம் எழுந்து வந்து சோபாவில் உட்கார்ந்தாள். மிஸ் போனில் என்ன குரலில் சொன்னார், அழுதாரா, தன் பெயரைச் சொன்னாரா, வேறு யார் பெயரையாவது சொன்னாரா என்று ஒன்றுவிடாமல் விசாரித்தாள். காவல் நிலையத்தில் அதிகாரிகள் விசாரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரி இல்லை. விளக்கு வைக்கும் நேரம் வரை என்னோடுதான் பேசினாள். நான் விரும்பியது நடந்துவிட்டது. அவள் பேசினாள், எனக்குத் தெரிந்த மிஸ்ஸைப் பற்றி மட்டும்.

மே மாதம் தேர்வு முடிவு வந்தது. இயற்பியலில் நல்ல மதிப்பெண். கல்லூரிக்கென்று அவள் அப்பா புதுப் போன் வாங்கிக் கொடுத்தார். இனி அவள் அந்தப் பள்ளி மாணவியும் இல்லை, அவர் அந்தப் பள்ளி ஆசிரியையும் இல்லை. மிஸ்ஸின் எண் அவள் போனில் முதலாவதாக ஏறியது. என் போனுக்கு வருவது குறைந்து, மலையில் டவர் கிடைக்கிற நாளில் பூப் படம் போட்ட காலை வணக்கம் என்று ஆனது. ஒரு மாலை மகளிடம் எதேச்சையாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"மிஸ்ஸுக்கு அங்க சாப்பாடெல்லாம் எப்பிடியாம்?"

"அதெல்லாம் நல்லாத்தான் கீதாம்." போனைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, மிஸ்ஸைப் பார்க்கப் போகிறேன் என்றாள். பள்ளியில் சிறப்பு வகுப்பு இருப்பதால் அங்கேயே வரச் சொல்லியிருந்தாராம். "நீயும் வரியா?" என்று கேட்டாள். தனியாக மலைப் பஸ் ஏறப் பயம், அவ்வளவுதான். ஆனாலும் நான் முந்தின நாளே முறுக்கு சுட ஆரம்பித்துவிட்டேன். மிஸ்ஸுக்கு எள்ளு போட்டால் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது. அவள் தன் பங்குக்கு ஒரு பேனா வாங்கி வைத்திருந்தாள்.

கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் ஏறும்போது இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம். முறுக்கு டப்பா என் மடியில், பேனா அவள் பையில்.

பள்ளிக்கு முன்னால் மிஸ் நின்றிருந்தார். கறுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். அவருக்குப் பின்னாலேயே ஏழெட்டுப் பெண்களும் வந்தார்கள். அங்கேயும் அந்த விதி உண்டு என்றார் மிஸ். ஆனால் அந்தப் பெண்களிடம் போன் இல்லை, இருந்தாலும் டவர் இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் முற்றத்தில் எல்லார் முன்னாலும் நேரிலேயே சொன்னார்கள். மிஸ், எங்க வூட்டு மாடு கன்னு போட்டுருச்சு மிஸ். மிஸ், இவ பொய் சொல்றா மிஸ். ஒருத்தி மிஸ்ஸின் முந்தானையில் ஒட்டியிருந்த சாமை உமியை எடுத்துவிட்டாள். இன்னொருத்தி எங்களை மேலும் கீழும் பார்த்து, "இவங்க யாரு மிஸ்?" என்று கேட்டாள்.

"என் பழைய ஸ்டூடண்ட். இவங்க அவங்க அம்மா."

பழைய என்றபோது மகள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். அவங்க அம்மா என்றபோது நான் டப்பாவை நீட்டினேன். மிஸ் அதை அங்கேயே திறந்து, ஒரு முறுக்கைக்கூடத் தனக்கென்று எடுத்துக்கொள்ளாமல், அந்தப் பெண்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். மகள் கொடுத்த பேனாவை மிஸ்ஸிடமிருந்து ஒரு பெண் வாங்கிக் கையில் கிறுக்கிப் பார்த்தாள். ஒரு மணி நேரம் இருந்தோம். மிஸ் எங்கள் இருவரில் ஒருவரோடும் ஒரு முழு வாக்கியம் பேசி முடிக்க அந்தப் பெண்கள் விடவில்லை.

திரும்பும் பஸ் முதல் வளைவைத் தாண்டியது. பிறகு மகள் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாம்மா அதுங்க, மிஸ்ஸ வுடவே மாட்டேங்குதுங்க?"

"அதானே. உக்காரக்கூட வுடல."

"அந்த ரெட்ட ஜடைதான் ரொம்ப ஓவரு."

"உமி எடுத்தவளா?"

"அவளேதான். பாத்தியா, கேக்காமலே எடுக்கறா. மிஸ்ஸும் ஒன்னும் சொல்லல."

"நாலு முறுக்கு எடுத்தாடி அவ. நான் பாத்துக்கினே இருந்தேன்."

"நாலா?" என்றாள் மகள். அந்த அநியாயம் அவளை நன்றாக என் பக்கம் நகர்த்தி உட்கார வைத்தது. "அப்பறம் அந்தப் பேனா வாங்குனா பாரு, அவள பத்தி சொல்றேன் கேளு." சொல்ல ஆரம்பித்தாள். பஸ் மலை இறங்கி, கச்சிராயபாளையத்தில் ஆள் ஏற்றி, கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தது. அவள் இன்னும் முடிக்கவில்லை.