அக்காவின் கழுத்துக் காய்ப்பு

கஸ்தூரி மஞ்சள் அரைக்கும் வாசனை எங்கிருந்து வந்தாலும், இந்த வயதிலும் எனக்கு அக்காவின் கழுத்துதான் ஞாபகத்துக்கு வருகிறது. இடது தாடைக்குக் கீழே, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்துத் தடித்திருந்த இடம் அது. வருடக்கணக்கில் வயலினை இடுக்கி வாசித்ததால் வந்த அந்தத் தழும்பை எங்கள் வீட்டில் "காய்ப்பு" என்போம்.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு முன்னறையில், ஞாயிறு பூசை முடிந்ததும், அக்காவும் அவளுடைய மூன்று தோழிகளும் நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள்: இரண்டு வயலின், சற்றே பெரிய வயோலா ஒன்று, முழங்கால்களுக்கிடையில் நிறுத்தி வாசிக்கும் செல்லோ ஒன்று. கைகாட்ட ஆள் கிடையாது. அக்கா மூச்சை இழுக்கும் சத்தத்தில் நாலு வில்லும் ஒன்றாகக் கிளம்பும், பிரியாணி வாங்கப் போகிறவர்கள்கூட வாசலில் செத்த நேரம் நின்றுவிட்டுத்தான் போவார்கள். சனிக்கிழமைகளில் அதே அறையில் அவள் சிறுபிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். வகுப்பு முடிந்ததும் நாங்கள் எல்லோரும் கண்ணாடி முன்னால் முண்டியடித்துக்கொண்டு அவரவர் கழுத்தைப் பார்ப்போம். "எனக்கு எப்பக்கா காய்ப்பு வரும்?" என்று கேட்டால், "அம்புட்டுச் சீக்கிரம் வந்துருமா? வாசிங்க, வரும்" என்று சிரிப்பாள்.

சென்னையில் ஒரு நால்வர் குழுவில் வாசிக்கவும் அவர்கள் நடத்திய பள்ளியில் சொல்லிக்கொடுக்கவும் அவளுக்கு இடம் கிடைத்து, கிறிஸ்துமஸ் முடிந்ததும் போவதாக இருந்தபோதுதான் செம்பட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காபியைக் குடித்து முடித்துவிட்டு, "கழுத்துல அது என்ன, தோல் வியாதியா?" என்று தணிந்த குரலில் கேட்டார். அம்மா பதறிப்போய், "ஐயோ, வயலின் வச்சு வச்சுக் காய்ச்சுப்போச்சுங்க, வேற ஒண்ணுமில்ல" என்றாள். "அப்பச் சரி, கொஞ்ச நாளைக்கு வாசிக்காம இருக்கட்டும். மறைஞ்சிருச்சுன்னா பேசி முடிச்சிருவோம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் பஸ் ஏறினார்கள்.

வயலினால் வந்ததுதான் என்று நிரூபிக்க வயலினையே விட வேண்டுமாம். இதென்ன நியாயமோ, இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. வயலின் பெட்டி பீரோவுக்கு மேலே போனது, அம்மா தினமும் மஞ்சளை அரைத்து அந்த இடத்தில் பற்றுப் போட்டாள், காய்ப்போ அசையவில்லை. அது மறையவே கூடாது என்று நான் மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் அறைக்குள் நுழைந்தபோது, அக்கா கண்ணாடி முன்னால் நின்று, அந்த இடத்தை நகத்தால் கிள்ளிக் கிள்ளி, விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அம்மாட்ட சொல்லிராத பாப்பா" என்றாள். நான் மூச்சு விடவில்லை.

பிறகு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கும்போதே ஒன்னயக் கரையேத்திரணும் தாயி" என்று அழுதார். அப்பா அழுது நாங்கள் பார்த்ததில்லை. அதன் பிறகு அக்கா கிள்ளவில்லை. காய்ப்பு கொஞ்சங் கொஞ்சமாக வெளுத்து மறைந்தது, "நான்தான் சொன்னேன்ல, வயலின்தான்னு" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள், கல்யாணமும் நல்லபடியாகவே நடந்தது. அத்தான் நல்ல மனிதர்தான். ஆனால் அக்கா வயலினை எடுத்துக்கொண்டு போகவில்லை.

அந்த வயலினைத்தான் நான் இன்று வாசிக்கிறேன், அவள் போகாத சென்னைக்குப் போய் ஒரு நால்வர் குழுவில் இருந்துவிட்டு, இப்போது ஊருக்குத் திரும்பி வந்து பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். போன மாதம் அக்கா தன் மகளை வகுப்பில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு வந்தாள். வரும்போதே ஒரு வெள்ளைக் கைக்குட்டையை மடித்துக் கொண்டுவந்திருந்தாள். "இத வச்சு வாசிக்கச் சொல்லு பாப்பா. கறுப்பு விழாம சொல்லிக் குடு."

"விழுந்தா விழட்டும்க்கா" என்றேன். அக்கா கையை நீட்டி, என் கழுத்தில் இருந்த காய்ப்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். நான் அவள் கழுத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு நாளும் வயலின் இருந்ததில்லை என்று யார் வேண்டுமானாலும் சத்தியம் செய்யலாம்.